அந்தச் சிவப்புக் காரை நான் எடுக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

விலைக்காக இல்லை. ஜரிகை சரியில்லை என்றும் இல்லை. ஒரு பொம்மைக் காருக்காக.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தயவுசெய்து சிரிக்காதீர்கள். சிரித்தவர்களோடுதான் சண்டையே.

என் அண்ணன் சேகரின் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும், நீயும் வா என்று அண்ணன் கூப்பிட்டான். சென்னையிலிருந்து காலையிலேயே கிளம்பிப் போனேன். மாப்பிள்ளை வீடு வந்தவாசி. முகூர்த்தப் புடவை அவர்கள் செலவு. அங்கிருந்து மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வந்திருந்தார். ரிட்டயர்டான கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டார். நாமாகப் பேசினால் முழு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டுவார். ஆக, சம்பந்தியம்மா எதிரில் நாங்கள் எல்லோரும் எங்களால் முடிந்த அளவுக்கு நல்லவர்களாக உட்கார்ந்திருந்தோம்.

கடை பாபுவுடையது. பாபு எங்கள் தெருக்காரர். அவர் அப்பாவிடம்தான் எங்கள் அப்பா கூலிக்கு நெய்தார். பாபுவுக்கும் எனக்கும் ஒரே வயது. இப்போது இரண்டு மாடிக் கடை, ஏசி, வாசலில் செக்யூரிட்டி. ஓடி வந்து வரவேற்றார். காபி வந்தது. வெள்ளை விரிப்பில் புடவைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நிவேதா ஓர் அரக்குச் சிவப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேரம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கலகலப்பு வேண்டும் இல்லையா? பாபு டீச்சரம்மா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இந்த அமுதாம்மா இப்ப பெரிய எழுத்தாளர். சின்ன வயசுல இன்னா பண்ணாங்க தெரியுமா? எங்க வூட்ல இருந்து என் காரை எத்துகினு போயி, தெருவுல நீட்டி வெச்ச பாவு மேல வுட்டாங்க. அவ்ளோ பட்டு நூலும் அறுந்து போச்சு. இவங்க அப்பா வுட்டாரு பாருங்க ஒரு அடி..."

எல்லோரும் சிரித்தார்கள். புடவை விரிக்கிறவர் சிரித்தார். அண்ணி சிரித்தாள். "அத்தை, நீங்களா!" என்று நிவேதா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் மேல் ஒருவர் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்... நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன்!

பாபு அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அதுக்கப்பறம் இவங்க எங்க வூட்டுப் பக்கம் வந்தாலே எங்கம்மா ஷோகேஸைப் பூட்டிடுவாங்க" என்றார்.

ஷோகேஸைப் பூட்டுவார்களா? எனக்கு அது புதுச் செய்தி. டம்ளரைக் கீழே வைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. பிளாஸ்டிக் சோப்பு டப்பா. நாலு சோடா மூடிச் சக்கரம், இரண்டு ஈர்க்குச்சி அச்சு, முன்னால் இழுக்க ஒரு கழிவு நூல். கரிக்கட்டையால் தெருவில் ரோடு போடுவோம். குழாயடிதான் வந்தவாசி. பாபு வீட்டுப் படிக்கட்டு செய்யார். கோடியில் இருந்த கரண்ட் கம்பம் கலசப்பாக்கம். பூகோளம் தப்பு, ஆனால் பஸ் டயத்துக்குக் கிளம்பும். பயணிகள் எல்லாம் புளியங்கொட்டைகள். தெருப் பிள்ளைகள் ஆளுக்கு நாலு கொட்டை கொண்டுவந்து என் பஸ்ஸில் ஏற்றுவார்கள். டிக்கெட் எடுக்காத கொட்டையை நடுவழியில் இறக்கிவிடுவேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

அப்போதுதான் பாபுவின் மாமா சிங்கப்பூரிலிருந்து அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்தார்.

இரும்புக் கார். கையில் வாங்கினால் கனக்குமாம். இரண்டு கதவும் திறக்கும். உள்ளே கடுகு சைஸில் ஸ்டியரிங். தரையில் நாலு தேய் தேய்த்துவிட்டால் 'விர்ர்'ரென்று பத்தடி ஓடும். 'கனக்குமாம்' என்று ஏன் சொல்கிறேன்? அப்போது நான் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. பாபு யாரையும் தொட விடமாட்டான். எனக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. சக்கரத்தில் மண் ஒட்டினால் வாயால் ஊதலாம். ரோட்டில் கல் கிடந்தால் பொறுக்கலாம். கார் சாக்கடைப் பக்கம் போனால் ஓடிப்போய்க் காலை வைத்துத் தடுக்கலாம்.

கை படக்கூடாது. கால் படலாம்!

இந்தச் சட்டத்தை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு அது பெருமை. மற்ற பிள்ளைகளுக்கு ஊதுகிற உரிமைகூடக் கிடையாது.

ஒருநாள் காலை தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நெய்வதற்கு முன்னால் நீளவாக்கில் போகிற பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். இடுப்பு உயரத்துக்குப் பளபளவென்று ஒரு பாலம் மாதிரி நிற்கும். பாபுவின் அப்பாவுக்குச் சொந்தமான நூல். எங்கள் அப்பா நெய்ய வேண்டிய பாவு. அப்பாவும் மற்றவர்களும் அந்தக் கோடியில் வேலையாக இருந்தார்கள். இந்தக் கோடியில் நானும் பாபுவும்.

"மேம்பாலம்டி" என்றான் பாபு.

வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எது தெரியாவிட்டாலும் பாவைத் தொடக்கூடாது என்பது தெரியும். அவன் காரைத் தரையில் நாலு தேய் தேய்த்து, இழைகள் மேல் வைத்து விட்டுவிட்டான்.

ஓடவில்லை. சக்கரம் சுற்றிய வேகத்தில் இழைகளைச் சுருட்டி இழுத்துக்கொண்டது. 'கர்ர்' என்று ஒரு சத்தம். பயந்துபோய்க் காரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். கொத்தாக அறுந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தான். காரை நூலிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடியிருக்க வேண்டும். புத்தியுள்ள எந்தப் பிள்ளையும் ஓடியிருக்கும். நானோ, அப்பா நெய்ய வேண்டிய நூலாயிற்றே என்று, தொங்கிக்கொண்டிருந்த காரைப் பிடித்து, சக்கரத்தில் சுற்றிய இழையை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அந்தக் கார் முதல்முறையாக என் கைக்கு வந்தது அப்போதுதான். எல்லோரும் ஓடி வந்தபோது நான் இருந்த கோலத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். கையில் கார். பக்கத்தில் அறுந்த பாவு. வேறு சாட்சி எதற்கு?

பாபு அவன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவதான் எடுத்துகினு வந்தா" என்றான்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். நடுத்தெருவில், எல்லோர் எதிரிலும். நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினேன். கத்தக் கத்த, பொய் வேறு சொல்கிறாயா என்று இரண்டு அடி அதிகமாக விழுந்தது. அப்புறம் அப்பா முதலாளி முன்னால் கைகூப்பி நின்றார். அடித்ததைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கைகூப்பலை என்னால் விட முடியவில்லை. செய்யாத தப்புக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தண்டனை.

இரண்டு நாள் அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிபோட்டார்கள். தெருவில் என் பேர் மாறியது. என்ன பேர் என்று எழுத வேண்டுமா? என் வந்தவாசி பஸ்ஸுக்கு அதன் பிறகு யாரும் புளியங்கொட்டை தரவில்லை.

இன்றைக்கும் என் வீட்டில் ஒரு டீ கப் உடைந்தால், நான் கணவர், பிள்ளைகள் என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன். "அம்மா, கப்புதானே?" என்று என் மகன் கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்?

சரி... கடைக்கு வருவோம்.

"பாபு, அந்தக் காரை நான் எடுக்கலை. பாவு மேல வெச்சது நீ" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் புடவை விரிக்கிறவரின் கை நின்றுவிட்டது. பாபு சிரித்தார். ஜாலிக்குச் சொன்னதற்குப் போய் இப்படிக் கோபித்துக்கொள்கிறாயே என்றார். அண்ணி என் முழங்கையை அழுத்தினாள். விட்டுவிடு என்று அர்த்தம்.

கவனித்திருக்கிறீர்களா? விட்டுவிடு என்று யாரைப் பார்த்துச் சொல்வார்கள்? எப்போதும் அடிபட்டவரைப் பார்த்துத்தான்! கதை சொல்கிறவரைப் பார்த்து, அந்தக் கதையை விட்டுவிடு என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அவர் எத்தனை கல்யாணத்தில், எத்தனை கடையில் வேண்டுமானாலும் சொல்லலாம். நாம் ஒருமுறை இல்லை என்று சொன்னால் சபை நாகரிகம் கெட்டுவிடும். அடி வாங்கியவளைக் கேட்காமலே, அது காமெடிதான் என்று முடிவு செய்யும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

"ஜாலி இல்ல பாபு. சம்பந்தியம்மா முன்னால என்னைத் திருடின்னு சொல்லியிருக்கே. வெச்சது நீதான்னு இப்ப சொல்லு."

பாபுவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. இந்த மனிதர் பொய் சொல்லவில்லையோ? நாற்பத்தைந்து வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவரே நம்பிவிட்டாரோ? அப்படி நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது. செய்ததை மறந்துவிடுகிற வசதிகூட அவருக்குத்தானே கிடைத்திருக்கிறது!

"நான் வெச்சேன்னு யாரும்மா பாத்தாங்க?" என்றார் பாபு.

அண்ணன் மடியில் ஒரு புடவை இருந்தது. அதை மெதுவாக மடித்து விரிப்பில் வைத்தான்.

"நான் பாத்தேன்" என்றான்.

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாபுவைப் பார்த்தே பேசினான். "தண்ணி எடுத்துகினு வந்துகினு இருந்தேன். நீதான் வெச்ச பாபு. இவ வேணாம் வேணாம்னா. அறுந்ததும் நீ ஓடிட்ட."

சேகர் அண்ணன் அதிர்ந்து பேசாத மனிதன். செய்யாரில் கம்பெனி வேலை, ஷிப்ட், வீடு என்றே இருக்கிறவன். அவன் சொன்னால் ஆரணியில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பாபுவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சரிண்ணே, அதை விடுங்க, பில்லில் நல்ல டிஸ்கவுண்டாகப் போட்டுவிடுகிறேன் என்றார்.

டிஸ்கவுண்ட்! நாற்பத்தைந்து வருஷத் திருட்டுப் பட்டத்துக்கு ஸ்பெஷல் ஆஃபர்!

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரம்மா பேசினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"டிஸ்கவுண்ட் எனக்கு எதுக்குங்க? நீங்க பேசுனது இவங்களைப் பத்திதானே. இவங்ககிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

அதட்டலாகச் சொல்லவில்லை. ஹோம்ஒர்க் கொண்டுவரவில்லையா என்று கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். பாபு எழுந்து நின்றுவிட்டார். "சாரிங்க" என்றார்.

என்னைப் பார்த்தா சொன்னார்? டீச்சரம்மாவைப் பார்த்துச் சொன்னார். பில் கட்டப் போகிறவர் அவர்தானே!

போகட்டும். சொன்னார். நாலு பேர் காதில் விழுந்தது. நிவேதா தோளிலிருந்த அரக்குச் சிவப்பை எடுத்து வைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அது யாரோ ஒரு தறிக்காரர் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்தது. அதன் மேல் எனக்கு என்ன கோபம்? அதையே எடுத்தோம். டீச்சரம்மா டிஸ்கவுண்ட் வாங்கவில்லை.

சண்டையில் ஜெயித்தவள் மாதிரி நான் கடையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும் இல்லையா? டீச்சரம்மாவை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணனைப் பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நீ பார்த்தியா?"

"ம்."

"அன்னிக்கு ஏன் சொல்லலை?"

முன்னால் போன லாரியை முந்தினான். அப்புறம் சொன்னான். "எனக்குப் பன்னெண்டு வயசு. முதலாளி பையன் பொய் சொல்றான்னு நான் சொன்னா, அந்த வூட்டு வேலை அன்னிக்கே போயிருக்கும். அப்பா வேற எங்க போவாரு?"

"அதனால என் முதுகு போனா பரவாயில்லைன்னு வுட்டுட்ட."

பின் சீட்டில் அண்ணியும் நிவேதாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். என்ன சொல்ல முடியும்? பன்னிரண்டு வயதுப் பையன் நடுத்தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்று அப்படியொரு கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கு தப்பென்றும் சொல்ல முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது? அண்ணன் மேலா? அப்பா மேலா? ஒரு பார்வையிலேயே காரியத்தை முடித்த முதலாளி மேலா? எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

இன்னும் ஒன்று கேட்டேன். அப்பாவிடமாவது பின்னால் சொல்லியிருக்கலாமே, அந்த வேலையை விட்ட பிறகாவது?

"ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லணும்னு நெனைப்பேன். அப்பறம் அவரு படுத்துட்டாரு" என்றான்.

அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன், பத்திரிகையில் எழுதினேன்... எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் மனசின் ஒரு மூலையில், காரைத் திருடிப் பொய் சொன்ன ஒரு பெண் கடைசிவரை இருந்தாள். அவளை அங்கிருந்து வெளியே அனுப்ப இனி யாராலும் முடியாது. பாபுவின் சாரி அவ்வளவு தூரம் போகாது.

சென்னைக்கு வந்த பிறகு இரண்டு நாள் அண்ணனுக்கு நான் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. அண்ணன் அந்த குரூப்பில் எதுவும் எழுதியதே கிடையாது. இதுதான் முதல்முறை.

'நம்ம சின்ன வயசில் பாபு வீட்டு பாவை அறுத்தது அமுதா இல்லை. பாபு. காரை அமுதா எடுக்கவில்லை. நான் நேரில் பார்த்தேன். அப்போதே சொல்லாதது என் தப்பு. சேகர்.'

அதற்குக் கீழே ஒரு சித்தப்பா குட்மார்னிங் ரோஜாப்பூ போட்டிருந்தார். மதுரையில் இருக்கும் அத்தை பையன், 'எந்த கார்?' என்று கேட்டிருந்தான். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்த மெசேஜ் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கல்யாண மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவனும் அதற்கு மட்டும் பதில் சொன்னான்.

அப்புறம் அண்ணி போனை வாங்கினாள். இதையெல்லாம் உன் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிடப் போகிறாய், எல்லாம் சின்ன வயசு விஷயம்தானே என்றாள்.

சின்ன வயசு விஷயம்தான் அண்ணி. ஆனால் எட்டு வயதில், எனக்கு இருந்த மொத்த ஆயுசும் அந்த எட்டு வருஷம்தான்.